சனிக்கிழமைச் சம்பளம் நின்ற வீடு

உடம்பு முடியாமல் வேலைக்குப் போக இயலாத நாட்களில், மருந்துச் செலவைவிட ஓசையில்லாமல் ஒரு குடும்பத்தைச் சாய்ப்பது வராமல் போன கூலி. அதைத் தாங்குவது எப்படி? கேட்டுப் பெற வேண்டியதை யாரிடம் கேட்பது?

திருப்பூரில் வாரம் முடிவதும் தொடங்குவதும் சனிக்கிழமை சாயங்காலத்தில்தான். பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் சம்பளம். மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைப்பார். பால்காரர் கொஞ்சம் முன்னதாகவே தெருவுக்குள் வருவார். ஏலச்சீட்டு பிடிக்கும் அக்கா வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார். எங்கள் லைன் வீட்டில் 8 குடித்தனம். எட்டு வீட்டுக்கும் அன்று ஒரே நேரத்தில் பணம் வரும், ஒரே நேரத்தில் கைமாறிப் போகும்.

1999 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு மட்டும் பணம் வரவில்லை. அப்பா ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரம் 700 ரூபாய் கொண்டுவருவார். இரண்டு மாதமாக விடாத இருமல். பக்கத்துத் தெரு கிளினிக்கில் டானிக் மாற்றி டானிக் குடித்து, கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று சொன்னார்கள். மாத்திரையை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். "ஒரு நாள் விடாம சாப்பிடுங்க, குணமாகிடும்" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே குணமும் ஆனது.

அந்த ஆறு மாதமும் நாங்கள் எதைச் சாப்பிடுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்கக்கூடிய கேள்வி அது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்காது.

இருபத்தைந்து ஆண்டு கடந்துவிட்டது. மருத்துவம் வளர்ந்துவிட்டது. ஆனால் நாள்கூலியிலும் வாரச் சம்பளத்திலும் ஓடும் லட்சக்கணக்கான வீடுகளில் அந்தக் கேள்வி இன்னமும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

நோய்க்கு இரண்டு பில்

நோய் வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு பில் வரும். ஒன்று மருத்துவமனை கொடுப்பது. அதில் தொகை இருக்கும், முத்திரை இருக்கும். அதைக் காட்டி உதவி கேட்கலாம். இன்னொன்றை யாரும் அச்சடித்துத் தருவதில்லை. வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, துணைக்கு இருந்தவர் விட்ட கூலி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ் செலவு, அந்த நாட்களை ஓட்ட வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அதில் சேரும்.

முதல் பில்லுக்குத் தமிழ்நாடு நல்ல பதில் வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகள் உண்டு. 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வளர்ந்து, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவையெல்லாம் உயிர் காத்த ஏற்பாடுகள். ஆனால் இதய அறுவை சிகிச்சை இலவசமாக முடிந்து வீடு திரும்பிய கொத்தனாருக்கு அடுத்த மூன்று மாதக் கூலியை யார் தருவார்கள் என்ற இடத்தில்தான் பதில் தடுமாறுகிறது.

உலகில் நோய்க்காகக் காப்பீடு வந்த வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தடுமாற்றம் வியப்பைத் தரும். 1883இல் ஜெர்மனி கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவத்தோடு சேர்த்துக் கூலியையும் கொடுத்தது. நோயுற்ற மூன்றாம் நாளிலிருந்து பாதிக் கூலி, 13 வாரம் வரை. படுத்திருக்கும் மனிதனுக்கு மருந்தைப் போலவே அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அன்றே ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் காசநோயைக் கணக்கிடும்போது இரண்டு பில்லையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. மருந்து, பயணம், உணவு, இழந்த வருமானம் எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அது அந்தக் குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவு என்பது அதன் அளவுகோல். ஆண்டில் ஆறு மாதக் கூலி நின்றால் பாதி வருமானம் போய்விடும். மருந்து முழுக்க இலவசம் என்றாலும் அந்தக் கோட்டை எங்கள் வீடு மூன்றாம் மாதமே தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்த வைத்தியம்

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சவுரிமுத்து தொடங்கிய சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்திருக்கிறது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நோயாளி அங்கே இருப்பார். படுக்கையும் சத்தான சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். ஆனால் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதற்காகப் பிறந்த மையம்தான். நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம், இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே மருந்து. 1959இல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. நெருக்கமான வீட்டில், எளிய சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள். மருந்தை ஒழுங்காக உண்டால் வீடே போதும் என்றானது. கோடிக்கணக்கானவர்கள் மனைவி மக்களைப் பிரியாமல் குணமானார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அந்த மாற்றத்தோடு இன்னொன்றும் நடந்தது. வைத்தியம் வீட்டுக்கு வந்தபோது, சானடோரியம் போட்ட சோற்றின் பொறுப்பும் வீட்டின் தலையில் வந்து இறங்கியது. அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதை ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காசநோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. அவர்கள் வீட்டாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்களும் குறைந்தார்கள். கிருமியைக் கொல்வது மாத்திரை. உடம்பைத் தூக்கி நிறுத்துவது சோறும் பருப்பும் முட்டையும். அதற்கான காசு கூலியிலிருந்துதான் வர வேண்டும். கூலி நின்ற வீட்டில் மாத்திரையும் நடுவில் நிற்கும். கொஞ்சம் தெம்பு வந்ததும் மனிதர் மிஷினுக்குத் திரும்பிவிடுவார், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் ஷிப்டுக்குப் போவார்.

அம்மாவின் நோட்டு

அம்மா 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அந்த ஆறு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால், ஒரு வீடு எந்த வரிசையில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும் என்பது தெரிகிறது.

முதல் வாரம் பூவும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நின்றன. இரண்டாம் வாரம் அரை லிட்டர் பால் கால் லிட்டரானது. மூன்றாம் வாரம் சீட்டுத் தவணை தவறியது. ஐந்தாம் வாரம் "தோடு" என்று ஒரு சொல், பக்கத்தில் 900. அடகுக் கடையில் வைத்த பணம் இடப்பக்கம் வரவாக ஏறியிருக்கிறது. அந்த மாதத்தின் பெரிய வரவு அதுதான். எட்டாம் வாரம் 5,000 ரூபாய் கைமாற்று, நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி. மாதம் 500 ரூபாய் வட்டிக்கே போகும். பத்து மாதத்தில் வட்டி மட்டும் அசலைத் தொட்டுவிடும். அந்தக் கடன் முழுவதும் அடைய நான்கு ஆண்டானது.

நோட்டில் ஏறாத குறைப்பு ஒன்று உண்டு. அம்மாவின் இரவுச் சாப்பாடு. "மத்தியானம் நெறையத் தின்னுட்டேன்டா" என்பார். இருமும் மனிதருக்குப் பக்கத்தில் படுத்து, பகலெல்லாம் வேலை பார்த்து, இரவு பட்டினி கிடந்த அந்த உடம்புக்கு நோய் தொற்றாமல் போனது எங்கள் நல்ல காலம்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய குறைப்பு. அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள். அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் பையை எடுக்கவில்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு யூனிட்டில் கைமடிக்குப் போனாள். டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. "அப்பாவுக்கு நல்லானதும் போறேன்" என்றாள். அப்பாவுக்கு நல்லானது. அவள் போகவில்லை, கடன் இருந்தது.

நோயில் வருமானம் நின்ற வீடுகளோடு பேசும்போதெல்லாம் இந்த வரிசையே திரும்பத் திரும்ப வருகிறது. சாப்பாடு குறையும், நகை போகும், வட்டிக்கடன் ஏறும், கடைசியில் ஒரு பிள்ளையின் படிப்பு போகும். பெரும்பாலும் அது பெண் பிள்ளையாக இருக்கும். முதல் மூன்றையும் காலம் ஆற்றும். நான்காவது திரும்பிவராது.

பெட்டிக்குள் இருந்த அட்டை

அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். ரேஷன் கார்டு நகலுக்கும் குலதெய்வக் கோயில் ரசீதுக்கும் நடுவில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் அட்டை ஒன்று இருந்தது. அவர் நோயில் கிடந்த காலத்துக்கு முன்பே கம்பெனி பதிவு செய்து கொடுத்தது. வாராவாரம் சம்பளத்தில் பிடித்தமும் இருந்திருக்கிறது.

அந்த அட்டையை வைத்து அவர் பாதிச் சம்பளமாவது வாங்கியிருக்கலாம். அவரிடம் யாரும் சொல்லவில்லை. கம்பெனி சொல்லவில்லை, அக்கம்பக்கத்திலும் சொல்லவில்லை. "இ.எஸ்.ஐ.ன்னா தலைவலி மாத்திரை கொடுக்கிற இடம்" என்பதுதான் எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அக்காவின் பள்ளிப் பை அந்த அட்டைக்குள் மடங்கிக் கிடந்ததாகவே எனக்கு இன்றும் தோன்றுகிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த அட்டைதான்.

இ.எஸ்.ஐ. என்பது மருந்தகமாக மட்டும் பிறந்ததே இல்லை. 1944இல் பேராசிரியர் பி.பி.அடார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நோய்க்கால வருமானத்தைக் காப்பது தொடக்கம் முதலே அதன் நோக்கம். தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் தொழிற்கூடங்கள் இதில் வரும். சேர்வதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 14,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 105 ரூபாய் பிடிப்பார்கள். கம்பெனி 455 ரூபாய் கட்ட வேண்டும்.

சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை சராசரி நாள்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நாள்கூலி 500 என்றால் 350 ரூபாய். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் நடந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உரிமை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை உரிமை.

காசநோய், புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, சில இதய நோய்கள், தீவிர மனநோய் என 34 நீண்டகால நோய்களுக்கு 91 நாளோடு நின்றுவிடுவதில்லை. இரண்டாண்டாகத் தொடர்ந்து காப்பீட்டில் இருப்பவர், போதிய நாட்கள் பிடித்தம் நடந்திருந்தால், 80 சதவீதக் கூலியை இரண்டாண்டு வரைகூடப் பெற வழி இருக்கிறது. வேலையிடத்தில் அடிபட்டால் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு.

இந்தப் பணம் தானாக வராது. இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் ஓய்வுச் சான்று வாங்க வேண்டும். சான்று நடுவில் விட்டுப்போகாமல் தொடர வேண்டும். கிளை அலுவலகத்தில் கோர வேண்டும். வங்கிக் கணக்கும் ஆதாரும் பெயர் பிழையில்லாமல் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறியதற்காக மூன்று முறை அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவரை அலைய விடாமல் வீட்டில் ஒருவர் இந்த வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வது, வேளாவேளைக்குக் கஞ்சி கொடுப்பதைப் போன்ற பணிவிடைதான்.

அட்டையே இல்லாதவர்கள்

சித்தாள், வீட்டுவேலை செய்யும் அக்கா, ஆட்டோ ஓட்டுநர், வாடகைக் காரில் ஓடுகிறவர், சாப்பாடு கொண்டுவந்து தரும் இளைஞர், வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்கும் பாட்டி. இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அட்டை கிடையாது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குத் தனிச்சட்டம் இயற்றி நலவாரியங்களை வளர்த்த மாநிலம் இது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மரணம், முதுமை என வாரியங்கள் கைகொடுக்கின்றன. ஆனால் ஒரு மாதம் டெங்குவில் கிடந்த சித்தாளின் கூலியை ஈடுகட்டும் ஏற்பாடாக அவை இன்னும் வளரவில்லை.

முடியாத காரியமல்ல என்பதற்கு அருகிலேயே சான்றுகள் உண்டு. ஆந்திர அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய ஆரோக்ய ஆசரா திட்டம், அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை முடித்தவர்களுக்கு ஓய்வுக் காலத்தில் நாளுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய் வரை கொடுத்தது. நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், கர்ப்பிணிப் பெண் வேலைக்குப் போகாத காலத்துக்குப் பணமும் சத்தும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட திட்டம். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் கொடிய நோயால் வரும் தற்காலிக இயலாமைக்கு மாத உதவி என்ற இனமே உண்டு, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டியது அது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது.

அரிசிக்கும் முட்டைக்கும் அந்தத் தொகை துணைதான்; நின்றுபோன கூலிக்கு அது ஈடாகாது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றிய உயிரை, நாள் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் இல்லாததால் தையல் காயும் முன்னே சாந்துச் சட்டி தூக்க அனுப்புகிறோம். காப்பீட்டு அட்டையில் சிகிச்சையோடு ஓய்வு நாட்களுக்கான கூலியும் ஒரு வரியாகச் சேர வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை.

முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை அடுப்பு காத்திருக்காது. அம்மாவின் நோட்டையும், இதே நிலையைக் கடந்துவந்த குடும்பங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், முதல் இரண்டு வாரத்தில் எடுக்கும் முடிவுகள்தான் அடுத்த இரண்டு ஆண்டைத் தீர்மானிக்கின்றன.

எத்தனை நாள் என்று கேளுங்கள். "எப்போ வேலைக்குப் போகலாம், என்ன மாதிரி வேலை பாக்கலாம்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பத்து நாளா, மூன்று மாதமா என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றால் "வேலையை விட்டுப் போய்விட்டார்" என்று எழுதிவிடக் கூடும். சூப்பர்வைசருக்கு மருத்துவச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். இ.எஸ்.ஐ. எண்ணையும் பி.எஃப். எண்ணையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். பிடித்தம் நடந்தும் பதிவு இல்லை என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் தொழிற்சங்கத்திலும் முறையிடலாம்.

செலவை மூன்றாகப் பிரியுங்கள். சோறு, மருந்து, வாடகை, கரண்ட், பள்ளி ஆகியவை நிற்கக் கூடாதவை. கடன் தவணை, சீட்டு, மளிகை பாக்கி ஆகியவை பேசித் தள்ளிப்போடக் கூடியவை. மொய், புதுத்துணி, கேபிள் போன்றவை நிறுத்தக் கூடியவை. மொய் வைக்க முடியாததை வெட்கமாக நினைத்துக் கடன் வாங்கும் குடும்பங்கள் நம்மில் அதிகம். உறவு அந்த ஒரு மொய்யில் அறுந்துபோகாது.

கடன்காரரிடம் முதலில் நீங்களே போங்கள். தவணை தவறிய பிறகு சொல்லும் காரணத்தைவிட, தவறும் முன் சொல்லும் காரணத்துக்கு மதிப்பு அதிகம். குழுக்கடன் வாங்கியவர்கள் ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. கட்ட முடியாமல் தவிப்பவரை அடையாளம் கண்டு வழிகாட்டும் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். "அந்த ஏற்பாடு என்ன, எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அநியாய வட்டிக்கு எதிராக 2003 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

நகை வைப்பதென்றால் வங்கி, இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கம். கந்துவட்டி கடைசிக் கதவு, அதைத் திறக்காமலே இருக்கப் பாருங்கள். பி.எஃப். பணத்தில் நோய்க்காக எடுக்க வழி உண்டு. ஆனால் அது நாளைய முதுமையின் சோறு, தேவையான அளவு மட்டும் எடுங்கள்.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ரேஷன் அரிசி, பருப்பு, எண்ணெயை ஒரு மாதமும் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் முட்டையும் இருக்கின்றன. நோயாளிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் நாளுக்கு ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, கொஞ்சம் பயறு என்பது டானிக் பாட்டிலைவிட மலிவு.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். அந்த மாதம் சின்னப் பிள்ளை கொண்டுவரும் சில ஆயிரம் ரூபாய், அதன் வாழ்நாள் முழுவதற்கும் வைக்கும் அடகு.

படுத்திருப்பவரின் மனசு

பணத்தைப் போலவே இதையும் பேச வேண்டும். சம்பாதித்த மனிதர் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதே அவருக்குத் தண்டனை. அப்பா சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் சட்டை மாட்டிக்கொண்டு, லைன் முனையில் இருந்த டீக்கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். மற்ற வீட்டு ஆண்கள் சம்பளத்தோடு வருவதை எங்கள் வாசலில் இருந்து பார்க்க முடியாமல்தான் போனார் என்பது எனக்கு வளர்ந்த பிறகே புரிந்தது.

வீட்டுக்கார ஆத்தா ஒருநாள் வந்து, வாசலில் நின்றே சொன்னார்: "ஏனுங் தம்பி, மொகத்த ஏன் மறைக்கிறீங்க? வாடகை எங்கீங் போகுது? ஒடம்பு தேறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." மூன்று மாத வாடகையை அவர் பொறுத்துக்கொண்டார். அன்று இரவு அப்பா வயிறாரச் சாப்பிட்டார். தெரிந்தவர் வீட்டில் யாராவது இப்படி விழுந்தால் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்ப்பது நம் வழக்கம். அதற்குப் பதில் ஒரு வார மளிகையை வாங்கிக் கொடுங்கள், அல்லது இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஒருநாள் துணைக்குப் போய்வாருங்கள்.

வேலைக்குத் திரும்புவதிலும் அவசரம் கூடாது. அப்பா மூன்றாம் மாதமே கிளம்பினார். நான்கு நாளில் மயங்கி விழுந்து மறுபடி ஒரு மாதம் படுத்தார். மருத்துவர் சம்மதித்த பிறகு, முதலில் ஒரு ஷிப்ட் மட்டும், மிஷினுக்குப் பதில் செக்கிங், நின்று பார்ப்பதற்குப் பதில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று கேட்டு வாங்கலாம். தேர்ந்த டைலரை இழப்பதைவிட அவருக்கு இரண்டு மாதம் இலகுவான வேலை கொடுப்பது கம்பெனிக்கும் லாபம்தான்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை

அக்கா இப்போது சிங்கர் டைலர். கைமடியாகப் போனவள் மிஷினைப் பிடித்து, வரிசையிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியிருக்கிறாள். தன் இரண்டு பெண்களையும் கல்லூரி வரை படிக்க வைத்தாள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் சாப்பாட்டு நேரத்தில் அவள் முதலில் கேட்பது, "உன் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன, கண்ணு?" என்பதுதான். தெரியாது என்றால் அன்றைக்கே அலுவலக அறைக்கு அனுப்பிவைப்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் ஓய்வு என்றார்கள். இரண்டு முறை கிளை அலுவலகம் போய்வந்தது நான். மூன்றாம் வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது செல்போன் ஒலித்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. சம்பளத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் அதுவரைக்கான தொகை வந்திருந்தது. பெரிய பணம் இல்லை. வாடகைக்கும் மளிகைக்கும் சின்னவளின் கல்லூரிப் பஸ் கட்டணத்துக்கும் காணும்.

அக்கா தலையணைக்குக் கீழிருந்து நோட்டை எடுத்தாள். அம்மாவின் பழக்கம் அவளுக்கும் வந்திருக்கிறது. இடப்பக்கத்தில் தேதி போட்டுத் தொகையை எழுதினாள். வேலைக்குப் போகாத வாரத்தில் எங்கள் குடும்பத்து நோட்டில் நகையும் கடனும் இல்லாமல் ஏறிய முதல் வரவு அது. எழுதி முடித்துவிட்டு அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள். சின்னவள் கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேம்மா" என்று படியிறங்கினாள்.